தேய்மானம்: ஒரு பழைய ஃபியட்டின் சீட் கணக்கு

பி.காம் படிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், தேய்மானத்துக்கு முக்கியமாக இரண்டு முறை. ஒன்று நேர்கோட்டு முறை. வருஷா வருஷம் ஒரே தொகையைக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் பூஜ்யத்திலோ பழைய இரும்பு விலையிலோ கொண்டு போய் நிறுத்தும். இன்னொன்று குறைந்து செல் மதிப்பு முறை. மீதி இருப்பதில் மட்டும் சதவீதம் போட்டுக் கழிப்பது. இதில் எத்தனை வருஷம் ஆனாலும் பூஜ்யம் வராது. இன்றைய வருமான வரி விதியில் சொந்தக் காருக்கு 15 சதவீதம். அந்தக் கணக்குப்படி 100 ரூபாய் கார் 10 வருஷத்தில் 20 ரூபாய்க்குச் சற்றுக் கீழே வரும். 45 வருஷத்தில் 7 பைசாவுக்கும் கீழே. ஆனாலும் பூஜ்யம் இல்லை!

மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், இந்த 7 பைசாவைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் இருக்கிறார். வயது 76. தனியார் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்த்து ரிட்டயர் ஆனவர். அவரிடம் இருப்பது 1979 மாடல் பிரீமியர் பத்மினி. சென்னையில் யாரும் அதைப் பத்மினி என்று சொல்ல மாட்டார்கள், ஃபியட்தான். காரணம் இருக்கிறது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்த கார் அது. 1964-ல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் வந்து, பிறகு பிரீமியர் பிரெசிடெண்ட் ஆகி, 70-களின் நடுவில் பத்மினி ஆனது. பெயர்தான் மாறியது, கார் அதேதான். முன்னால் பெஞ்ச் மாதிரி ஒரே சீட், ஸ்டீயரிங் பக்கத்தில் கியர். மும்பையில் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக ஓடிய கடைசி பத்மினியும் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது.

அதே வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. சென்னை மூழ்கிய அந்த இரண்டு நாளில் இந்தத் தெருவிலும் தண்ணீர் நின்றது. ஃபியட்டுக்குள் சீட்டு மட்டத்துக்கு ஏறிவிட்டது. இன்ஜினைப் பிரித்துக் காயவைத்து மெக்கானிக் ஓட்ட வைத்துவிட்டார். சீட்டை யாரும் கண்டுகொள்ளவில்லை. மேலே காய்ந்துவிட்டது, அவ்வளவுதான். உள்ளே ஊறிய நாரும் துருப்பிடித்த ஸ்பிரிங்கும் அப்படியே இருந்தன. மூன்று மாதத்தில் முன் சீட் தொட்டில் மாதிரி ஆகிவிட்டது.

சும்மா இருந்தால் அப்படியே ஓட்டியிருப்பார். ஆனால் 2024 தொடக்கத்தில் அவர் மனைவிக்கு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. டாக்டர் முதலில் சொன்ன விஷயம்: தாழ்வான இடத்தில் உட்காரக் கூடாது, முழங்கால் இடுப்பை விட மேலே போகக் கூடாது. வீட்டு சோபாவையே ஓரம் கட்டிவிட்டு மர நாற்காலி போட்டார்கள். வாரம் இரண்டு நாள் அடையாறில் பிசியோதெரபி. 45 வருஷம் எங்கே போனாலும் இந்தக் காரின் இடது பக்கம் உட்கார்ந்து போனவர், இப்போது கால் டாக்ஸியில் போனார். பெரியவர் பின்னாலேயே உட்கார்ந்து போனார். வாசலில் கார் நின்றது.

பெரியவர் முதலில் செய்தது எல்லாரும் செய்கிற தப்பு. ரெடிமேட் சீட் கவர் ஒன்று வாங்கி, அதற்கு அடியில் நான்கு அங்குல ஃபோம் வெட்டிப் போட்டார். செலவு 2,500 ரூபாய். பார்க்கப் பளபளவென்று இருந்தது. மூன்றாவது வாரம் அந்த அம்மாவை உட்கார வைத்து லஸ் பிள்ளையார் கோயில் வரை போனார்கள். போகும்போதே ஃபோம் ஒரு பக்கம் உள்ளே போய்விட்டது. கோயில் வாசலில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. பெரியவர் ஒரு கை, பூக்கடைப் பெண் ஒரு கை பிடித்துத் தூக்கினார்கள். வலி ஒரு பக்கம், நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம் ஒரு பக்கம். வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னது ஒரே வரி. "இந்தக் காரை வித்துடுங்க. இனிமே எனக்காக இதை வச்சுக்க வேண்டாம்."

அமெரிக்காவில் இருக்கும் மகன் வேறு யோசனை சொன்னான். "விக்காதீங்கப்பா. 2029-ல 50 வருஷம் ஆயிடும், விண்டேஜ்னு பதிஞ்சு வச்சுக்கலாம்." வாஸ்தவம்தான். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினப்படி ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி மாதிரி விஷயங்களுக்குத்தான். பெரியவருக்கு வேண்டியது பார்க்கிற கார் இல்லை, அடையாறு வரை போய் வருகிற கார்.

ஆக, சீட்டைச் சரி செய்வது என்று முடிவு. பட்ஜெட் 15,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று டைரியில் எழுதி அடிக்கோடு போட்டார்.

காருக்கு அலங்காரம் என்றால் சென்னையில் முதலில் எல்லாரும் போகிற இடம் ஜி.பி. ரோடு. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு என்பதுதான் முழுப் பெயர், அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் போவது. சீட் கவர், மேட், மியூசிக் சிஸ்டம் என்று வரிசையாகக் கடைகள். ஒரு கடையில் 38,000 சொன்னார்கள். பழைய ஸ்பிரிங்கை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு முழுக்க ஃபோம், மேலே டிசைன் போட்ட செயற்கைத் தோல். இன்னொரு கடையில், "இந்த வண்டிக்கு எதுக்கு சார் இவ்வளவு செலவு?" என்றார்கள். கேள்வி நியாயமானதுதான். புத்தக மதிப்பு 7 பைசா காருக்கு 38,000 செலவு செய்வதை எந்த ஆடிட்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அடுத்தது புதுப்பேட்டை. எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவில், கூவம் ஓரம். பழைய காரைப் பிரித்தால் என்னென்ன வரும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்கள் அந்தச் சந்துகளில் ஒரு நடை போனால் போதும். கதவு ஒரு கடை, கண்ணாடி ஒரு கடை, கியர் பாக்ஸ் ஒரு கடை. அங்கே ஒரு சந்தின் கோடியில், ஒரே ஒரு தையல் மிஷினோடு ஒரு சீட் டெய்லர். எல்லாரும் பாய் என்று கூப்பிடுகிறார்கள். அவரும் அறுபதைத் தாண்டியவர்தான்.

பாய் விலை சொல்லவில்லை. "சீட்டைக் கழட்டிக் கொண்டாங்க சார். பிரிச்சுப் பார்த்துட்டு சொல்றேன். மேல இருந்து பார்த்து சொன்னா அது பொய் விலை."

இந்த ஒரு பேச்சுக்காகவே பெரியவர் டாடா ஏஸ் பிடித்து முன் சீட், பின் சீட் இரண்டையும் ஏற்றிக்கொண்டு போனார்.

ஒரு பழைய கார் சீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. மேலே ரெக்ஸின். அது சின்னச் சின்ன கம்பி வளையங்களால் அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்தோடு கோர்க்கப்பட்டிருக்கும். ரெக்ஸினைக் கழற்றினால் தென்னை நார், அல்லது பஞ்சு, அல்லது ஃபோம். அதற்குக் கீழே ஒரு சாக்குத் துணி. அதற்கும் கீழே ஸ்பிரிங் வரிசை. இதில் எல்லாரும் அலட்சியம் செய்வது அந்தச் சாக்குத் துணியைத்தான். அது இல்லாவிட்டால் மேலே எவ்வளவு நல்ல ஃபோம் போட்டாலும் ஸ்பிரிங் அதைக் கடித்துத் தின்றுவிடும். நாலு அங்குல ஃபோம் மூன்று வாரத்தில் காணாமல் போன ரகசியம் இதுதான். வெள்ளத்தில் சாக்கு மக்கிவிட்டது, ஃபோம் ஸ்பிரிங் சந்துக்குள் இறங்கிவிட்டது.

முன் சீட்டில் ஏழு ஸ்பிரிங் போயிருந்தது. சில உடைந்தவை, சில படுத்துவிட்டவை. வெல்டிங் வைத்துவிடலாமா என்று பெரியவர் கேட்டார். பாய் சிரித்தார். ஸ்பிரிங் கம்பியில் வெல்டிங் சூடு பட்டால் அந்த இடத்தில் அதன் முறுக்கு போய்விடும், சீக்கிரமே பக்கத்திலேயே ஒடியும் என்றார். மாற்றத்தான் வேண்டும். ஆனால் புது ஸ்பிரிங்குக்கு எங்கே போவது?

பதில் பின் சீட்டிலேயே இருந்தது. பின் சீட்டின் நடுப்பகுதியில் யாரும் உட்கார்ந்ததே இல்லை போலிருக்கிறது. நான்கு ஸ்பிரிங் கிட்டத்தட்ட புதுசு மாதிரி நின்றன. அவை முன்னால் வந்தன, படுத்தவை பின்னால் நடுவில் போயின. மீதி மூன்று, பக்கத்துச் சந்தில் 1,200 ரூபாய்க்கு வாங்கிய கழிவு சீட் ஒன்றிலிருந்து. எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு அடித்து, வெயிலில் வைத்தாயிற்று. ஸ்பிரிங்குகளை ஒன்றோடொன்று சணல் கயிற்றால் இழுத்துக் கட்டும் வேலைக்கு மட்டும் பாய்க்கு முழுதாக ஒரு நாள் ஆனது. ஒன்று அமுங்கும்போது பக்கத்தில் இருப்பவை சேர்ந்து தாங்க வேண்டும் என்பதற்காக அந்தக் கட்டு.

இந்தக் கட்டுத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். இன்றைய கார்களின் சீட்டில் குஷன் என்பது அச்சில் வார்த்த ஒரே ஃபோம் கட்டி. கெட்டுப் போனால் மாற்றுவதுதான், பிரித்துக் கட்டுவது இல்லை. இத்தனைக்கும் சென்னை கார் செய்த ஊர். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வருவதற்கு வெகு முன்பே, 1948-ல் இங்கே ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தொடங்கியது. வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை. 1961-லிருந்து பத்து வருஷம் போல ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற அழகான கார் அங்கே பிறந்தது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் அது, வடிவமைத்தவர் இத்தாலியின் மிச்செலோட்டி. 80-களின் கடைசியில் கம்பெனியே மூடப்பட்டது. பாய் தொழில் கற்றது ஹெரால்டு சீட்டுகளில்தானாம். கார் போய்விட்டது, கை மட்டும் மிச்சம்.

ஸ்பிரிங் முடிந்ததும் மேல் அடுக்கு. புதுச் சாக்கு, அதற்கு மேல் ரப்பர் காயர் ஷீட். தென்னை நாரில் ரப்பர் பாலைத் தெளித்து, சூட்டில் அழுத்திச் செய்வது. நாருக்கு நடுவில் காற்று போய்வரும் என்பதால் சென்னை வியர்வைக்கு நல்லது. அதற்கு மேல் ஓர் அங்குல ஃபோம் மட்டும். ஃபோம் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: கையால் அமுக்கிப் பார்த்து வாங்குவதில் அர்த்தமே இல்லை. டென்சிட்டி கேட்க வேண்டும். 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ எடை. எண் குறையக் குறைய உள்ளே காற்றுதான் அதிகம். கடையில் மெத்தென்று இருக்கும், ஆறு மாதத்தில் தட்டையாகிவிடும்.

அடுத்து மேல் துணி. பெரியவருக்கு ஒரு சபலம், அசல் தோல் போட்டால் என்ன? கேட்க நன்றாகத்தான் இருக்கும். தோலுக்குப் பேர் போன ஊர் இது. அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-லிருந்து இருக்கிறது. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியால். பெரியமேட்டில் தோல் வியாபாரம் இன்றும் நடக்கிறது. ஆனால் வாசலில் வெயிலில் நிற்கும் காரில் தோல் வறண்டு வெடிக்கும். ஐப்பசி மழையில் பூசணம் பிடிக்கும். விடாமல் பராமரிக்க வேண்டும். செலவும் பட்ஜெட்டுக்குள் வராது. தவிர, இந்தக் காருக்கு அசல் என்பதே ரெக்ஸின்தான். (ரெக்ஸின் என்பது மான்செஸ்டர் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் இருந்த கம்பெனி ஒன்றின் பிராண்டு பெயர். நம் ஊரில் அது பொருளின் பெயராகவே ஆகிவிட்டது, ஜெராக்ஸ் மாதிரி.)

ஏழு மீட்டர் மெரூன் ரெக்ஸின், மீட்டர் 420. பழைய உறையைத் தூக்கிப் போடாமல், தையலை மட்டும் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் புது ரெக்ஸின் மேல் வைத்து சாக்பீஸால் வரைந்து வெட்டினார் பாய். நூல் நைலான். பருத்தி நூல் வியர்வையிலும் மழையிலும் இற்றுவிடும். தையலும் நெருக்கமாக விழக் கூடாது. ஓட்டைகள் கிட்டக் கிட்ட இருந்தால் தபால் தலையைக் கிழிக்கிற மாதிரி அந்த வரியிலேயே கிழிந்துவிடும்.

உறை தைத்தாயிற்று, மாட்டவில்லை. "உக்காரப் போறவங்களை ஒருதரம் கூட்டிட்டு வாங்க சார்" என்றார் பாய்.

பெரியவர் தயங்கினார். அந்த அம்மா வருவாரா? காரை விற்கச் சொன்னவர் ஆயிற்றே. வீட்டில் வந்து சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அளவு எடுக்கணும்னா போய்த்தானே ஆகணும்" என்று புடவை மாற்றிக்கொண்டு வந்தார்.

புதுப்பேட்டைச் சந்தில், சுற்றிலும் சுத்தியல் சத்தத்துக்கு நடுவில், இரண்டு கட்டைகள் மேல் உறை இல்லாத சீட். காயர் மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்திருந்தார் பாய். "உக்காருங்கம்மா. பயப்படாதீங்க, பிடிச்சுக்க ஆள் இருக்கு."

உட்கார்ந்தார். பாய் தரையில் குந்தி, டேப்பால் பக்கத்தில் அளந்தார். இரண்டு அங்குலம் இறங்கியது. பழைய சீட்டில் ஐந்து அங்குலம் இறங்கியிருந்ததாம், அதைப் பிரிப்பதற்கு முன்பே பெரியவரை உட்கார வைத்து அளந்து வைத்திருக்கிறார்.

"இப்ப எழுந்திரிங்கம்மா. நாங்க யாரும் தொட மாட்டோம்."

பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துவிட்டார். பெரியவர் முகம் வாடிவிட்டது. பாய் மட்டும் அசரவில்லை. "இதுக்குத்தான் வரச் சொன்னேன். எழுந்திரிக்கிறப்ப எல்லாரும் முன் விளிம்புக்கு நகர்ந்துதான் எழுந்திரிப்பாங்க. விளிம்பு மெத்துனு இருந்தா ஆளை உள்ள தள்ளும்." முன் விளிம்பில் மட்டும் நாலு விரல் அகலத்துக்கு காயரை இரண்டாக மடித்து, கெட்டியாகத் தைத்தார். அரை மணி நேர வேலை. அதுவரை அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தார்.

இரண்டாம் தடவை தானாக எழுந்தார். எழுந்தவர் யாரையும் பார்க்கவில்லை, சீட்டைத்தான் திரும்பிப் பார்த்தார். "நல்லா இருக்கு பாய்" என்றார்.

மொத்தக் கணக்கு பெரியவரின் டைரியில் இருக்கிறது. காயரும் ஃபோமும் 3,600. ரெக்ஸின் 2,940. கழிவு சீட் 1,200. சாக்கு, நூல், பெயிண்ட் வகையறா 950. பாய் கூலி 6,000. டாடா ஏஸ் 700. ஆக மொத்தம் 15,390. அடிக்கோடு போட்ட பட்ஜெட்டைத் தாண்டி 390 ரூபாய். முதலில் வீணாக்கிய 2,500 இந்தக் கணக்கில் இல்லை. (அதை எந்தத் தலைப்பிலும் எழுதவில்லை. அக்கவுண்ட்ஸ்காரர்களுக்கும் மனசு உண்டு!)

மிச்சப்படுத்தியதும் உண்டு. பின் சீட்டின் சாய்மானத்துக்கு மட்டும் புது உறை போடவில்லை. தண்ணீர் அவ்வளவு உயரம் போகாததால் உள்ளே நன்றாகவே இருந்தது. சோப்புத் தண்ணீரில் துடைத்து அப்படியே மாட்டினார்கள். கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் ரெக்ஸின் மிச்சம். புது மெரூனுக்கும் பழைய மெரூனுக்கும் நிறம் ஒட்டவில்லை. அந்தப் பழைய ரெக்ஸினில், மகன் சின்ன வயதில் பால்பாயிண்ட் பேனாவால் கீறிய எக்ஸ்-ஜீரோ கட்டம் இன்னும் இருக்கிறது. யார் ஜெயித்தது என்று தெரியவில்லை.

இதில் ரிப்பேர் செய்ய நினைக்கிறவர்களுக்கு உள்ள பாடம் சின்னது. 38,000-க்கும் 15,390-க்கும் வித்தியாசம் மலிவான பொருள் இல்லை. எது செத்துவிட்டது, எது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கிற பொறுமைதான் வித்தியாசம். கையில் இருக்கும் காசு முதலில் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போக வேண்டும், ஸ்பிரிங்குக்கும் சாக்குக்கும் விளிம்புக்கும். பளபளப்பு கடைசி.

அடுத்த பிசியோதெரபி நாளன்று கால் டாக்ஸி கூப்பிடவில்லை. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்த மயிலாப்பூர் ரோடுகளில் குலுங்கி, திரு.வி.க. பாலம் ஏறி, அடையாறு போய்ச் சேர்ந்தது ஃபியட். கிளினிக் வாசலில் பெரியவர் அவசரமாக இறங்கிச் சுற்றிக்கொண்டு இடது பக்கக் கதவுக்கு ஓடி வந்தார், கை கொடுக்க.

அந்த அம்மா அதற்குள் இறங்கி நின்றுகொண்டிருந்தார்.

அன்று ராத்திரி அந்த 390 ரூபாய்க்கு டைரியில் ஒரு தலைப்பு வேண்டியிருந்தது. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு "தேய்மானம்" என்று எழுதினார். கணக்குப்படி அது தப்பான தலைப்பு. அடிக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டார்.